வரவேற்புச் சாப்பாடு: கேட்டறிந்து பரிமாறுவோம்



எமது வானொலியில் நான் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம் இது. உரை முடிந்த பின்னர் நேயர்கள் தொலைபேசியில் கேட்ட கேள்விகளில் சிலவற்றையும் கடைசியில் சேர்த்திருக்கிறேன். கோடை காலம் எங்களுக்குக் கலியாண காலம். மண்டபத்துக்கு முற்பணம் கட்டிவிட்டு அடுத்தது என்ன என்று யோசிக்கும் குடும்பங்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

லண்டனில் கோப்பை கழுவுவதில் தொடங்கி, பின்னர் சமையற்காரனாகி, முப்பது வருடங்களுக்கு மேல் சமையலறைகளில் நின்றவன் நான். இப்போது ஓய்வு. ஆனாலும் தெரிந்த குடும்பங்கள் கூப்பிட்டு, "அண்ணை, மகளின்ரை ரிசெப்சனுக்கு என்ன சாப்பாடு போடலாம்?" என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "வாற ஆக்கள் என்ன சாப்பிடுவினம் எண்டு கேட்டியளோ?" பெரும்பாலும் பதில் வராது. மண்டபம், மணவறை, மாலை, படப்பிடிப்பு எல்லாவற்றுக்கும் மாதக் கணக்கில் யோசித்திருப்பார்கள். சாப்பாட்டை மட்டும், "எல்லாரும் சாப்பிடுறதுதானே" என்று விட்டிருப்பார்கள்.

எல்லாரும் சாப்பிடுகிற சாப்பாடு என்று ஒன்று இன்று கிடையாது. அதனால்தான் இந்த உரை.

ஊரில் இருந்த முறையும் இங்குள்ள நிலையும்

ஊரில் தாலிகட்டு நாளில் சைவக் குடும்பங்களில் மரக்கறிச் சாப்பாடுதான். வாழையிலை, சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பயிற்றங்காய், வாழைக்காய்ப் பொரியல், அப்பளம், வடை, பாயாசம், மோர். பந்தியில் இருந்த எல்லோருக்கும் அதே கறிகள். தெரிவு என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. வந்தவர்கள் பெரும்பாலும் சொந்தமும் ஊரும் என்பதால், யார் என்ன சாப்பிடுவார் என்பது வீட்டுக்காரருக்குத் தெரிந்தே இருக்கும்.

இங்கே பகலில் தாலிகட்டும் மரக்கறிச் சாப்பாடும் முடிய, மாலையில் அல்லது வேறொரு நாளில் வரவேற்பு வைக்கிறோம். அதற்கு 300 பேர், 400 பேர் வருகிறார்கள். விரதகாரியான அம்மம்மா ஒரு பக்கம், கோழியும் ஆடும் இல்லாவிட்டால் சாப்பிட்டதாகவே எண்ணாத மாமா ஒரு பக்கம். வேலையிடத்து வெள்ளைக்காரர், குஜராத்திக்காரர், முஸ்லிம் நண்பர்கள், பால்கூடத் தொடாத பல்கலைக்கழகப் பிள்ளைகள், கச்சான் பட்டாலே மூச்சு முட்டும் குழந்தை என்று எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். இவர்களுடைய தேவையை ஊகித்து அறிய முடியாது. கேட்டால்தான் தெரியும்.

எந்த முறையில் பரிமாறப் போகிறீர்கள்?

உணவுத் தெரிவைப் பற்றி யோசிக்க முன்னர், பரிமாறும் முறையை முடிவு செய்ய வேண்டும். லண்டனில் மூன்று முறைகள் வழக்கத்தில் இருக்கின்றன.

முதலாவது, தட்டில் போட்டு ஆளுக்கு ஆள் கொண்டுவந்து வைப்பது. இதற்கு ஒவ்வொருவருடைய தெரிவும் பெயர் வாரியாக முன்கூட்டியே வேண்டும். யார் எந்த மேசையில், எந்தக் கதிரையில் என்பதும் எழுதப்பட வேண்டும். எங்கள் சனத்தில் கடைசி நேரத்தில் கதிரை மாறி இருப்பவர்கள் அதிகம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டாவது, மேசைக்குப் பாத்திரங்களில் கொண்டுவந்து வைத்து, இருப்பவர்கள் பகிர்ந்து சாப்பிடுவது. பந்தியின் சாயல் இதில் இருக்கிறது. முதியவர்கள் எழுந்து வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால், பத்துப் பேர் மேசையில் இருவர் சைவம் என்றால் அந்த இருவருக்கும் போதுமான அளவு தனிப் பாத்திரத்தில் வர வேண்டும்.

மூன்றாவது, பஃபே. செலவு குறைவு, கறிகளைக் கூட்டலாம். எங்கள் வரவேற்புகளில் பெரும்பாலானவை இந்த முறையில்தான் நடக்கின்றன. ஆனால் எல்லாச் சிக்கல்களும் இங்கேதான் கூடுதலாக வருகின்றன: கரண்டி மாறும், வரிசை நீளும், முதலில் போனவர் மரக்கறியையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார். இதைப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன்.

கேட்கும் விதம்

அழைப்பிதழோடு ஒரு பதிலட்டை வைப்பது இந்த நாட்டு வழக்கம். எங்கள் பெரியவர்கள் அதை நிரப்பி அனுப்புவது குறைவு. "நாங்கள் வராமல் விடுவமே? இதுக்கு ஒரு கடிதமோ?" என்பார்கள். ஆகவே இரண்டு வழியும் வேண்டும். இளையவர்களுக்கு அட்டை அல்லது வாட்ஸ்அப் செய்தி. பெரியவர்களுக்குத் தொலைபேசி. குடும்பத்தில் ஆறு பேரைத் தெரிந்து, ஆளுக்கு ஐம்பது பெயர் கொடுத்தால் ஒரு வாரத்தில் 300 பேரையும் கேட்டு முடிக்கலாம். நலம் விசாரித்ததாகவும் இருக்கும்.

கேள்வி சுருக்கமாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும். நான் எழுதிக் கொடுக்கும் மாதிரி இது:

"உங்கள் வீட்டில் இருந்து எத்தனை பெரியவர்கள், எத்தனை பிள்ளைகள் வருகிறீர்கள்? ஒவ்வொருவருக்கும் எந்தச் சாப்பாடு: முட்டையும் இல்லாத சைவம், மீன், கோழி, ஆடு? பால், நெய் சேராத உணவு அல்லது ஹலால் உணவு வேண்டுமா? எவருக்காவது உணவு ஒவ்வாமை இருக்கிறதா? இருந்தால் எந்தப் பொருள்? வேறு ஏதும் நாங்கள் அறிந்திருக்க வேண்டுமா?"

கடைசிக் கேள்வியைத் தவற விடாதீர்கள். மெல்ல முடியாத பெரியவர், சக்கர நாற்காலியில் வருபவர், உறைப்பு ஒத்துக்கொள்ளாதவர் என்று நாம் நினைத்திராத செய்திகள் அதில்தான் வரும். சமையற்காரருக்கு இறுதி எண்ணிக்கை கொடுக்கும் நாளுக்குப் பத்து நாள் முன்னதாகவே பதில் திகதியை வையுங்கள். மிச்ச நாட்கள், பதில் தராதவர்களைத் துரத்துவதற்கு!

சைவம் என்பது ஒன்றல்ல

யாழ்ப்பாணத்தில் "சைவம்" என்றால் சமயத்தையும் குறிக்கும், மரக்கறிச் சாப்பாட்டையும் குறிக்கும். எங்கள் சைவத்தில் பாலும் தயிரும் நெய்யும் உண்டு, முட்டை இல்லை. இந்த நாட்டில் மரக்கறிக்காரர் என்று சொல்பவர் முட்டை சாப்பிடுவார். வீகன் என்பவருக்குப் பால், தயிர், நெய், தேன் எதுவும் ஆகாது. சமணரான குஜராத்தி நண்பர்கள் வெங்காயம், உள்ளி, உருளைக்கிழங்கு போன்ற நிலத்துக்குக் கீழ் விளையும் பொருட்களையும் தவிர்ப்பார்கள். ஆகவே "மரக்கறி" என்று ஒரு சொல்லை மட்டும் எழுதினால் போதாது.

எங்கள் சமையலில் ஒளிந்திருக்கும் மச்சங்களையும் சொல்ல வேண்டும். தேங்காய்ச் சம்பலிலும் சீனிச் சம்பலிலும் மாசிக் கருவாடு சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். மரக்கறி றோலுக்கு வெளியே முட்டை பூசித்தான் ரொட்டித் தூளில் பிரட்டுவார்கள். வட்டிலப்பம் முட்டையில் செய்வது. சில புடிங், மூஸ் வகைகளில் ஜெலற்றின் இருக்கும். அது மாட்டில் அல்லது பன்றியில் இருந்து எடுக்கப்படுவது. வெட்டும் கேக்கில் முட்டை இருக்கும். முட்டையில்லாத கேக் ஒன்றை இப்போது பல கடைகளில் சொல்லி எடுக்கலாம்.

இவற்றைவிட, ஒரே எண்ணெயில் ஆட்டிறைச்சி றோலையும் மரக்கறி றோலையும் பொரித்தால், விரதகாரருக்கு அது சைவம் அல்ல. சமையற்காரரிடம், "மரக்கறிக்கு வேறு எண்ணெயா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பார்வைக்கும் வித்தியாசம் வேண்டும். மரக்கறியை முக்கோணமாகச் சமோசா போலவும், இறைச்சியை உருளையாகவும் செய்யச் சொன்னால், கடித்துப் பார்த்து அறிய வேண்டிய நிலை வராது. உள்ளே அவித்த முட்டை வைத்த "மிதிவெடி" எங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்ததுதான். பெயரைக் கேட்டு வேற்று நாட்டு விருந்தினர் திகைத்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை இன்னொரு நாளைக்குச் சொல்லலாம்.

நாளையும் பாருங்கள். வரவேற்புகள் பெரும்பாலும் சனிக்கிழமையில். புரட்டாதி மாதம் என்றால் புரட்டாதிச் சனி. வழக்கமாக மச்சம் சாப்பிடுபவர்களிலும் பலர் அன்று சைவம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும், தீபாவளியோடு ஒட்டி வரும் கேதாரகௌரி விரத நாட்களும், கந்தசஷ்டியும் அப்படித்தான். கத்தோலிக்கக் குடும்பங்களைப் பொறுத்தவரை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011 செப்ரெம்பரில் இருந்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தவிர்க்கும் ஒழுங்கு மீண்டும் நடைமுறைக்கு வந்தது. வெள்ளியில் வரவேற்பு என்றால் மீன் கறி ஒன்றும் இருக்கட்டும்.

மச்சத்திலும் தெளிவு வேண்டும்

நாங்கள் "மட்டன்" என்றால் ஆட்டிறைச்சி, அதுவும் வெள்ளாடு என்று நினைக்கிறோம். இந்த நாட்டில் அந்தச் சொல் முதிர்ந்த செம்மறியைக் குறிக்கும். சமையற்காரருடைய விலைப்பட்டியலில் மட்டன் என்று இருந்தால் வெள்ளாடா, செம்மறியா என்று கேளுங்கள். விலையிலும் சுவையிலும் வித்தியாசம் இருக்கிறது.

முஸ்லிம் விருந்தினர் வருகிறார்கள் என்றால் இறைச்சி ஹலாலா என்பதைச் சமையற்காரரிடம் உறுதிப்படுத்தி, அதைப் பெயரட்டையில் எழுதுங்கள். ஹலால் இல்லை என்றால் அதையும் முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லிவிடுவதுதான் மரியாதை. மீனோ மரக்கறியோ அவர்கள் தெரிவு செய்துகொள்வார்கள். மாட்டிறைச்சியையும் பன்றி இறைச்சியையும் எங்கள் வரவேற்புகளில் தவிர்ப்பதே நல்லது. இரண்டையும் விட்டால் ஒருவருக்கும் குறைவில்லை. வைத்தால் பலருக்கு முழு மேசையின் மீதும் சந்தேகம் வரும்.

ஒவ்வாமை: உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம்

நேயர்களே, இந்தப் பகுதியைத் தயவு செய்து கவனமாக வாசியுங்கள். "எங்கடை ஊரிலை இப்படி ஒரு வருத்தம் இருந்ததே?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. இங்கு பிறந்த எங்கள் பேரப்பிள்ளைகள் பலருக்கு இருக்கிறது.

2016 ஆம் ஆண்டு ஜூலை மாதம், நட்டாஷா எட்னன்-லப்பரூஸ் என்ற 15 வயதுச் சிறுமி விமானப் பயணத்துக்கு முன்னர் வாங்கிச் சாப்பிட்ட பாண் ஒன்றினால் ஏற்பட்ட ஒவ்வாமையில் உயிரிழந்தார். பாண் மாவுக்குள் எள் கலந்திருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, பொதியிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. அதன் விளைவாக, கடையிலேயே செய்து பொதி செய்து விற்கும் உணவுகளில் எல்லா மூலப்பொருட்களையும் எழுத வேண்டும் என்ற சட்டம் 2021 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்தது. எள் எங்களுக்கு அந்நியமான பொருளா? நல்லெண்ணெய் எள்ளில் இருந்து வருவது. எள்ளுருண்டை எங்கள் பலகாரம்.

பொதி செய்யாத உணவை விற்பவர்களும், மண்டபத்துக்குச் சமைத்துக் கொடுப்பவர்களும் உட்பட, 14 ஒவ்வாமைப் பொருட்கள் தங்கள் உணவில் இருக்கின்றனவா என்று சொல்ல வேண்டும் என்பது 2014 டிசெம்பரில் இருந்து சட்டம். அந்தப் பதினான்கையும் எங்கள் சமையலறைக் கண்ணால் பார்ப்போம்.

குளுட்டன் உள்ள தானியங்கள்: கோதுமை, வாற்கோதுமை, றை, ஓட்ஸ். கொத்துரொட்டி, றோல்ஸ், ரவை எல்லாம் இதில் அடங்கும். புட்டும் இடியப்பமும் அரிசி மா என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். அவித்த கோதுமை மா கலப்பவர்கள் அதிகம். கடையில் வாங்கும் பெருங்காயத் தூளிலும் பொதுவாகக் கோதுமை மா சேர்த்திருக்கும்.

கடுகு: தாளிதம் போட்ட எல்லாக் கறியிலும் இருக்கிறது. இது பட்டியலில் உள்ள பொருள் என்பது எங்கள் சமையற்காரர் சிலருக்கே புதுச் செய்தி.

பால்: தயிர், மோர், நெய், பாயாசம், பால் தேநீர். முட்டை: கட்லட், றோல்ஸ், கேக், வட்டிலப்பம். மீன்: மாசியும் கருவாடும் உட்பட. ஓட்டுடலிகள்: றால், நண்டு. மெல்லுடலிகள்: கணவாய், மட்டி, சிப்பி. றாலும் கணவாயும் பட்டியலில் வேறு வேறு பொருட்கள்.

கச்சான் ஒன்று. மரக்கொட்டைகள் இன்னொன்று: கஜு, பாதாம், பிஸ்தா. புரியாணியிலும் பாயாசத்திலும் குருமாவிலும் கஜு இருக்கும், அரைத்திருந்தால் தெரியாது. எள். சோயா: சோயா மீற் மட்டுமல்ல, சோயா சோஸும். செலரி: சில சூப்புக் கட்டிகளில் இருக்கும். சல்பைற்று: சில உலர் பழங்களில். லூப்பின்: சில வெளிநாட்டு மா வகைகளில்.

தேங்காய் இந்தப் பதினான்கில் இல்லை. ஆனாலும் தேங்காய் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். எங்கள் கறிகளில் பாதிக்கு மேல் தேங்காய்ப்பால் என்பதால், ஒருவர் சொன்னால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒவ்வாமை உள்ள விருந்தினரின் சாப்பாட்டைப் பஃபே மேசைக்கு விடக் கூடாது. கரண்டி மாறினால் முடிந்தது. சமையலறையில் தனியே போட்டு, மூடி, பெயர் எழுதி, பொறுப்பான ஒருவர் கையால் கொடுக்க வேண்டும். "கொஞ்சம்தானே, ஒண்டும் செய்யாது" என்று அன்பில் ஊட்டிவிடும் அத்தைமாருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மூச்சுத் திணறல், நாக்கு, தொண்டை வீக்கம், மயக்கம் என்றால் அவரிடம் உள்ள அட்ரினலின் ஊசியை உடனே போட்டு 999 இலக்கத்தை அழைக்க வேண்டும். தண்ணீர் குடிக்கக் கொடுத்துக்கொண்டோ நடத்திக்கொண்டோ நேரம் போக்க வேண்டாம்.

நேரம், சீனி, சூடு

அழைப்பிதழில் மாலை 6 மணி. மணமக்கள் வருவது 8 மணி. நடனம், உரைகள், கேக், படம் எல்லாம் முடிந்து சாப்பாடு 10 மணி. இது எங்கள் நிகழ்ச்சிகளின் உண்மை நிலை. எங்கள் சமூகத்தில் நீரிழிவு உள்ளவர்கள் எத்தனை பேர் என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். இன்சுலின் போடுபவர்களுக்கும், சில வகைக் குளிசைகள் எடுப்பவர்களுக்கும் சாப்பாடு பிந்தினால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வெறும் இனிப்புக் குடிபானமும் பலகாரமும் தீர்வல்ல. முதல் ஒரு மணி நேரத்துக்குள் கடலை, வடை, சிறிய இடியப்பத் தட்டு என்று ஏதாவது வயிற்றுக்குப் போகட்டும். சீனி போடாத குடிபானமும் தண்ணீரும் எல்லா மேசையிலும் இருக்கட்டும். சாப்பாட்டு நேரத்தை அழைப்பிதழிலேயே எழுதிவிட்டால் இன்னும் நல்லது. அவர்கள் அதற்கேற்ப மருந்தை ஒழுங்கு செய்துகொள்வார்கள்.

நேரம் பிந்தினால் உணவும் பழுதாகும். இங்கிலாந்துச் சட்டப்படி சூடான உணவை 63 பாகை செல்சியசுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். பரிமாறும்போது ஒரு தடவை மட்டும், 2 மணி நேரம் வரை அதற்குக் கீழே விடலாம். குளிர்ந்த உணவு 8 பாகைக்கு மேல் போகக் கூடாது. பரிமாறும்போது ஒரு தடவை 4 மணி நேரம் விடலாம். சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கும் பசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அவியும்போதும் சாவதில்லை. சோறு இளஞ்சூட்டில் நெடுநேரம் இருந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். பின்னர் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே சமையற்காரரிடம் சோறு எத்தனை மணிக்கு வரும், எதில் வைத்துச் சூடு காப்பார் என்று கேளுங்கள்.

வீட்டில் சமைத்து விற்பவர்களிடம் சொல்லி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல கைப்பக்குவம் உள்ளவர்கள்தான். ஆனால் தொழிலாகச் செய்பவர் தமது உள்ளூராட்சிச் சபையில் பதிவு செய்திருக்க வேண்டும். 0 முதல் 5 வரை வழங்கப்படும் சுகாதாரத் தரப் புள்ளியை உணவுத் தர முகவரகத்தின் இணையத்தளத்தில் எவரும் பார்க்கலாம். 400 பேருக்கு ஒரே நாளில் சமைக்க அந்தச் சமையலறையில் இடம் இருக்கிறதா என்பதையும் யோசியுங்கள்.

எண்ணிக்கையும் செலவும்

ஒருவருக்கு 25 பவுண் என்று வைத்தால் 400 பேருக்கு 10,000 பவுண். இதைச் சீட்டுப் பிடித்தும் கடன் எடுத்தும் கட்டும் பெற்றோரை எனக்குத் தெரியும். "குறை சொல்லிப் போடுவினம்" என்ற பயத்தில் ஐம்பது பேருக்குக் கூடுதலாகச் சொல்வார்கள். முடிவில் தட்டுத் தட்டாகச் சோறு கொட்டப்படும். இடம்பெயர்ந்து, நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றவர்கள் நாங்கள். அதைப் பார்த்துக்கொண்டு இருப்பது எங்கள் பெரியவர்களுக்கு எவ்வளவு வேதனை!

கேட்டறிந்தால் இந்தச் செலவு குறையும். ஆனால் பஃபேயில் கணக்கு வேறு விதமானது. 300 பேரில் 90 பேர் சைவம், 210 பேர் மச்சம் என்று பதில் வந்தால், மரக்கறிக் கறிகளை 90 பேருக்குச் சொல்லக் கூடாது. மச்சக்காரரும் பருப்பும் கத்தரிக்காயும் எடுப்பார்கள். மரக்கறி 300 பேருக்கும் வேண்டும். கோழி 210 பேருக்கு. ஆடு என்று எழுதியவர் கோழியும் எடுப்பார். கோழி என்று எழுதியவர்களிலும் பலர் ஆட்டை ருசி பார்ப்பார்கள். சோற்றுக்கு, பத்துப் பெரியவர்களுக்கு ஒரு கிலோ பசுமதி அரிசி என்பது நான் கைக்கொள்ளும் அளவு. இடியப்பமோ கொத்தோ கூட இருந்தால் அதில் கால் பங்கைக் குறைக்கலாம்.

பிள்ளைகளைத் தனியே எண்ணுங்கள். அவர்களுக்குச் சிப்ஸும் கோழித் துண்டும் மட்டும்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். இடியப்பமும் உறைப்பில்லாத பால் சொதியும் வைத்துப் பாருங்கள், முதலில் முடிவது அதுவாகத்தான் இருக்கும். பல்லில்லாத பெரியவர்களுக்கும் அதே பாத்திரம் உதவும்.

உணவைப் பிரிப்போம், ஆட்களைப் பிரிக்க வேண்டாம்

இனி, நான் மிகவும் முக்கியமாகக் கருதும் விடயத்துக்கு வருகிறேன்.

ஒரு மண்டபத்தில் எண்பது வயது தாண்டிய அம்மா ஒருவர் வெறும் தேத்தண்ணியோடு இருந்ததைக் கண்டேன். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். "பருப்புக்குள்ளை கோழிக் கரண்டி கிடக்குது தம்பி. பரவாயில்லை, வீட்டை போய்ச் சாப்பிடுறன். ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதை" என்றார். அவர் மணமகளின் அப்பாவைத் தூக்கி வளர்த்தவர். பல ஆயிரம் பவுண் செலவழித்த அந்த விருந்தில் அவருக்கு ஒரு பிடி சோறு கிடைக்கவில்லை.

இதற்குத் தீர்வு சைவ உணவுக்குத் தனி மேசை, தனிக் கரண்டி, பரிமாற ஒரு ஆள். அந்த மேசை மண்டபத்தின் மூலையில், மச்ச மேசையின் வாலில் இருக்கக் கூடாது. முதலில் திறக்கும் மேசை அதுவாக இருக்கட்டும். முதல் பதினைந்து நிமிடம் சைவக்காரருக்கும் முதியவர்களுக்கும் என்று அறிவிப்பாளர் சொல்லட்டும். ஒவ்வொரு கறிக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரட்டை வையுங்கள். அதில் முட்டை, பால், கொட்டை, கோதுமை, கடுகு உண்டா என்பதும் இருக்கட்டும்.

ஆனால், சாப்பாட்டுக்குத் தனி மேசை வேண்டும் என்பதற்காக, சைவக்காரர் எல்லோரையும் ஒரு பக்கத்தில் கொண்டுபோய் இருத்த வேண்டாம். எடுத்துக்கொண்டு வந்து தங்கள் குடும்பத்தோடு இருக்கட்டும். ஊரில் யாருடைய வீட்டில் யார் கை நனைப்பது, யாருக்கு உள்ளே இலை, யாருக்கு முற்றத்தில், யாருக்கு வேறு பாத்திரம் என்று சாதி பார்த்து முடிவு செய்த பந்திகள் இருந்தன. எங்கள் தலைமுறை அதைக் கண்டது. சிலர் அதை நடத்தினர், சிலர் அதை அனுபவித்தனர். அங்கே விருந்தாளியை ஒருவரும் கேட்கவில்லை. இடம் ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டிருந்தது. இன்று நாம் அனுப்பும் பதிலட்டை அதற்கு நேர்மாறான காரியத்தைச் செய்கிறது. உங்களுக்கு எது வேண்டும் என்று வருகிறவரைக் கேட்கிறது. கேட்டபின் எல்லோரையும் ஒரே மண்டபத்தில், ஒரே மரியாதையோடு இருத்துகிறது. அந்த அட்டையை வெள்ளைக்காரப் பழக்கம் என்று ஒதுக்க வேண்டாம்.

நேயர்களின் கேள்விகள்

முழுவதையும் சைவமாக வைத்தால் சிக்கல் இல்லையே? — ஹரோவில் இருந்து ஒரு நேயர்.

சிக்கல் குறையும், செலவும் குறையும். மணமக்கள் இருவரும் விரும்பினால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் ஒவ்வாமை அதனால் போகாது. பாலும் கஜுவும் கடுகும் எள்ளும் கோதுமையும் சைவச் சாப்பாட்டில்தான் கூடுதலாக இருக்கின்றன.

கேட்டுவிட்டு ஒருவர் சொன்னதைச் செய்ய முடியாவிட்டால் மனவருத்தம் அல்லவா? — ஈஸ்ற்ஹாமில் இருந்து ஒரு நேயர்.

முடியாததை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வருத்தம் வராது. "உங்களுக்கு ஏற்றமாதிரி தனியாகச் செய்ய இந்தச் சமையற்காரரால் ஏலாது, வீட்டில் இருந்து கொண்டு வரலாமோ?" என்று கேளுங்கள். மண்டபத்திலும் அதற்கு அனுமதி கேட்டு வையுங்கள். ஒவ்வாமையோடு வாழும் குடும்பங்கள் உண்மையைத்தான் விரும்புகின்றன. மண்டபத்தில் வந்து கண்டுபிடிப்பதுதான் அவர்களுக்கு ஆபத்து.

மிச்சச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுக்கலாமா? — மிச்சத்தில் இருந்து ஒரு நேயர். (மிச்சம் என்ற ஊரில் இருந்தே இந்தக் கேள்வி வந்ததைக் கேட்டு நிலையத்தில் எல்லோரும் சிரித்தோம்.)

மேசையில் மணிக்கணக்கில் இருந்ததைக் கட்ட வேண்டாம், சோற்றை ஒருபோதும் வேண்டாம். சமையலறையில் கைபடாமல் முழுச் சூட்டில் இருக்கும் கறி என்றால், சமையற்காரர் சம்மதித்தால், சிறிய பெட்டிகளில் போட்டு விரைவாகக் குளிரவைத்து எடுக்கலாம். முதலிலேயே சரியாக எண்ணிச் சொல்லியிருந்தால் இந்தக் கேள்வியே வராது.

முடிவாக, சமையற்காரரிடம் போக முன்னர் ஒரு கொப்பியை எடுத்துப் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் அவர் என்ன சாப்பிடுவார், எதைத் தொட மாட்டார் என்று எழுதுங்கள். தெரியாத பெயர்கள் எத்தனை என்று பார்க்க உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். அந்தப் பெயர்களில் இருந்து தொலைபேசி அழைப்பைத் தொடங்குங்கள்.

மண நாள் காணும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள்.